ஈயக்குண்டை வீட்டில் வார்க்கலாமா?

வீச்சு வலையோ தூண்டிலோ, அடியில் கனம் இல்லாவிட்டால் மீன் கிடைக்காது. அந்தக் கனத்துக்கு ஈயக்குண்டு வாங்கப் போனால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. பாறை இடுக்கில் சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்தால் குண்டும் போய்விடும். அதனால்தான் பலர் காயலான் கடையில் பழைய ஈயம் வாங்கி, கொல்லையில் அடுப்பு மூட்டி, தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால், அடுப்பு மூட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்யலாமா, கூடாதா? வெளி இடம் இருந்து, சுத்தமான ஈயம் கிடைத்து, கீழே சொல்லும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடிந்தால் எப்போதாவது ஒருமுறை செய்யலாம். சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில், அதிலும் சின்ன வீட்டில், செய்யவே வேண்டாம். பாதி வேலைகளுக்கு ஈயத்தை உருக்கவே தேவையில்லை என்பது என் அழுத்தமான கருத்து. அதற்கான வழிகளையும் சொல்கிறேன்.

ஈயத்தில் அப்படி என்ன ஆபத்து? கை சுட்டுக்கொள்வதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். சூடு பட்டால் உடனே தெரிந்துவிடும், அடுத்த முறை நாமே ஜாக்கிரதையாக இருப்போம். ஈயம் உடம்புக்குள் போவது தெரியவே தெரியாது. வலி இல்லை, வாசனை இல்லை. விரலில் ஒட்டிய சாம்பல் நிறத் தூள் சோற்றோடு, பீடியோடு, வெற்றிலையோடு வாய்க்குள் போகிறது. போனதில் ஒரு பங்கு எலும்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கரைந்து ரத்தத்தில் கலந்து குழந்தையையும் எட்டுகிறது.

குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை? ஒரே அளவு ஈயம் வாய்க்குள் போனாலும், பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். தரையில் தவழ்வதும் கையை வாயில் வைப்பதும் அவர்கள்தான். ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைத் தொடுகிறது. படிப்பில் கவனம் குறையும், காரணம் ஈயம் என்று யாருக்கும் தோன்றாது. இவ்வளவுவரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஈயச் சொம்பில் ரசம் வைத்தவர்கள்தானே நாம், அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. குண்டு வார்ப்பது காரீயத்தில். இரண்டும் வேறு வேறு உலோகம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வருவதெல்லாம் காரீயம்தான்.

குண்டு வார்க்கும் தொழில் ஓர் ஊரையே என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய கடற்கரை ஊர் தியாரோய். அங்கே கொல்லர்கள் பழைய கார் பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை எடுத்து, மீன் வலைக்குக் குண்டு வார்த்து வந்தார்கள். வருடக்கணக்கில் மண்ணில் ஈயத்தூள் சேர்ந்தது. பிறகு ஈயத்தின் விலை ஏறியதும் அந்த மண்ணையே தோண்டிச் சலித்து விற்கத் தொடங்கினார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். தாய்மார்கள் மண் சலித்த இடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிய குழந்தைகள் அவர்களில் உண்டு.

ஆகவே முதல் விதி: பேட்டரியை உடைக்காதீர்கள். காயலான் கடையில் பேட்டரித் தகடு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதில் இருப்பது வெறும் ஈயம் இல்லை. பாதிக்கு மேல் தூளாக உதிரும் பசை, அதில் ஊறிய அமிலம், கடினமாக்கச் சேர்த்த ஆன்டிமனி போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் உண்டு. உருக்கினால் அத்தனையும் காற்றில் வரும். நம் நாட்டிலும் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை முறையாகச் சேகரிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

இப்போது மாற்று வழிகளுக்கு வருவோம். ஈயம் இல்லாமல் குண்டு செய்ய முடியுமா? முடியும். ஈயம்தான் தண்ணீரில் நன்றாக இழுக்கும், இரும்பு இழுக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் ஈயம் கடல் தண்ணீருக்குள் சுமார் 91 கிராம் கனம் காட்டும். 100 கிராம் இரும்பு 87 கிராம் காட்டும். அதாவது 100 கிராம் ஈயத்தின் வேலையை 105 கிராம் இரும்பு செய்துவிடும். வித்தியாசம் பருமனில்தான்: இரும்புக் குண்டு ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும். நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் அந்தப் பருமன் கொஞ்சம் தொந்தரவு. ஏரியிலும் கழிமுகத்திலும் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

மலிவான இரும்பு எங்கே கிடைக்கும்? வீடு கட்டும் இடத்தில். கம்பி கட்டுபவர்கள் வெட்டிப் போடும் முறுக்குக் கம்பித் துண்டுகள் போதும். எடை போடத் தராசும் வேண்டாம். கம்பியின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். கட்டட மேஸ்திரிகள் போடும் கணக்கு இது. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 889 கிராம். பத்து சென்டிமீட்டர் துண்டு ஏறக்குறைய 89 கிராம். 10 மில்லிமீட்டர் கம்பியில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டினால் 31 கிராம். வெல்டிங் பட்டறையில் ஒரு முனையில் சின்ன வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள். அல்லது பெரிய நட்டுகளை நரம்பில் கோத்துக்கொள்ளுங்கள்.

துரு பிடிக்காதா? பிடிக்கும். தூண்டிலில் அது பெரிய குறை இல்லை. பாறையில் சிக்கி அறுந்துபோகும் குண்டுக்குத் துருப்பிடிக்காத உலோகம் எதற்கு? வலையில் கட்டும்போதுதான் கவனிக்க வேண்டும். துருவேறிய சொரசொரப்பு நூலை அறுத்துவிடும். வலைக்கு இரும்பு கட்டுவதானால் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு மேலே டேப் சுற்றிவிடுங்கள்.

ஆழத்தில் நிறுத்தி வைக்கும் வலைக்குச் சுட்ட மண், கல், சிமென்ட் எல்லாம் நம் கடற்கரையில் புதிதல்ல. ஆனால் சிமென்டுக்குத் தண்ணீரில் கனம் நிறையக் குறையும். 100 கிராம் ஈயத்துக்குப் பதில் ஏறக்குறைய 165 கிராம் சிமென்ட் குண்டு வேண்டும். கருங்கல் என்றால் 150 கிராம்.

வீச்சு வலைக்கு மட்டும் நான் ஈயத்தையே சொல்வேன். வலை வட்டமாக விரிந்து, ஓரம் சட்டென்று தரையைத் தொட வேண்டும். பருமன் கூடினால் விரிப்பும் கெடும், இறங்கும் வேகமும் குறையும். அதற்கும் உருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துளையுள்ள ஈயமணி எடைக்குக் கிடைக்கிறது. ஈயத் தகடு கிடைத்தால் கத்திரியால் பட்டையாக வெட்டி, அடிக்கயிற்றில் சுற்றி, சின்னச் சுத்தியலால் தட்டி இறுக்கலாம். ஈயம் அவ்வளவு மெத்தென்ற உலோகம். அடுப்பு இல்லை, புகை இல்லை, கசடு இல்லை. கையுறை போட்டுக்கொண்டு செய்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும். காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது என்று பார்த்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

இல்லை, குறிப்பிட்ட வடிவம் வேண்டும், உருக்கித்தான் ஆக வேண்டும் என்கிறீர்களா? சரி, அதற்கான முறையைப் பார்ப்போம்.

எந்த ஈயம் வாங்குவது? பழைய ஈயக் குழாய், ஈயத் தகடு, எக்ஸ்ரே அறையில் பதித்திருந்த தகடு ஆகியவை நல்லவை. நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறம் ஒட்ட வேண்டும். கார் சக்கரத்தில் பேலன்ஸுக்குப் பொருத்தும் குண்டுகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. கீறினால் கோடு விழாததை ஒதுக்கிவிடுங்கள். எண்ணெய், தார், பெயின்ட் ஒட்டியதைச் சுரண்டாமல் ஒதுக்கிவிடுவது நல்லது. சுரண்டினால் அதுவும் தூள்தான்.

எங்கே வைத்து உருக்குவது? சமையலறையில் கூடவே கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும், மின்விசிறி ஓடினாலும் கூடாது. மாடிப்படி அடி, திண்ணை, கார் நிறுத்துமிடம் எதுவும் வேண்டாம். வீட்டை விட்டு விலகிய வெட்டவெளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். குழந்தை விளையாடும் மண்ணும் கீரைப் பாத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே பழைய தகரம் ஒன்றை விரித்துக்கொண்டால் சிந்தியதைப் பொறுக்கி எடுக்கலாம்.

எந்தப் பாத்திரம்? கனமான இரும்பு வாணலி, அதோடு ஓர் இரும்புக் கரண்டி. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். தீ கூடினால் அது தளர்ந்து அடி விட்டுவிடும். இந்த வேலைக்கு எடுத்த வாணலி, கரண்டி, அடுப்பு மூன்றும் இனி ஒருநாளும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும்தான். மேலே பெயின்டால் ஒரு பட்டை போட்டுவிடுங்கள், வீட்டில் வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடாதிருக்க.

விறகு அடுப்பைவிடச் சின்ன கேஸ் அடுப்பு நல்லது, ஏனென்றால் தீயைக் குறைக்க முடிய வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். அந்தச் சூட்டில் ஆவி மிகக் குறைவு. 500 டிகிரியை நெருங்கினால்தான் ஈய ஆவி கவலைப்படும் அளவுக்கு எழும். சூட்டுமானி இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? மேல் கசடை ஒதுக்கியதும் உள்ளே கண்ணாடிபோல் வெள்ளையாக மின்னினால் சூடு சரி. ஒதுக்கிய இடத்தில் உடனே மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக ஆடை படர்ந்தால் சூடு கூடிவிட்டது, தீயைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் உருக்க வேண்டாம். ஒரு கிலோ ஈயம் என்பது வெறும் 88 மில்லி, அரை டம்ளருக்கும் குறைவு.

மாஸ்க் போட்டால் போதுமா? துணி மாஸ்கும் மருத்துவமனை மாஸ்கும் ஈயத் தூளையும் புகையையும் தடுக்காது. எஃப்.எஃப்.பி.3 தரத்தில் முகத்தோடு ஒட்டி உட்காரும் மாஸ்க் வேண்டும். தாடிக்கு மேல் போட்டால் இடைவெளி விழும். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், மூடிய ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை எல்லாம் வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி சூடுபட்டால் உருகித் தோலில் ஒட்டும். லுங்கியும் செருப்புமாக இந்த வேலைக்கு உட்காரவே கூடாது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். ஈயம் முழுவதும் வாணலியை விட்டு முகத்துக்கு எழும்பும். மேலே விழும் சொட்டைவிட உள்ளே மாட்டும் ஈரம் மோசம். ஆகவே மழை மேகம் இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். வியர்வை சொட்டாமல் நெற்றியில் துணி கட்டிக்கொள்ளுங்கள். உருக்க வேண்டிய ஈயம் முழுவதையும் குளிர்ந்த வாணலியிலேயே போட்டுவிட்டு, பிறகு தீ மூட்டுங்கள். உருகிய பிறகு புதுத் துண்டைப் போடாதீர்கள். பழைய குழாய்க்குள் ஈரம் ஒளிந்திருக்கும். கரண்டியையும் அச்சையும் முன்பே சூடாக்கி வையுங்கள்.

அச்சுக்கு என்ன செய்வது? களிமண் அச்சும் பிளாஸ்டர் அச்சும் மலிவுதான், ஆனால் இரண்டுமே வெளியே காய்ந்து உள்ளே ஈரம் வைத்திருக்கும். முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது பழைய எவர்சில்வர் ஸ்பூன். ஒரு தகர டப்பாவில் வாணலியில் வறுத்துக் காயவைத்த மணலை நிரப்புங்கள். அதில் ஸ்பூன்களின் குழி மேலே பார்க்க, ஆடாமல் புதைத்து வையுங்கள். கரண்டியில் பாதி அளவே மொண்டு, மெதுவாக, ஒரே ஊற்றில் ஊற்றுங்கள். மினுமினுப்பு மங்கி, மேலே மெல்லிய சுருக்கம் விழுந்தால் இறுகிவிட்டது. ஆனாலும் கை வைக்காதீர்கள், கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஸ்பூனைக் கவிழ்த்துத் தட்டினால் குண்டு தானாக விழும். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது.

எடை எவ்வளவு வரும்? ஸ்பூன் எத்தனை மில்லி கொள்ளும் என்று வேலைக்கு முந்தைய நாளே அளந்து, பதினொன்றால் பெருக்குங்கள். ஐந்து மில்லி டீஸ்பூன் நிறைய ஊற்றினால் 55 கிராம் சொச்சம். அளந்த ஸ்பூனைச் சூடாக்கிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

துளை போட டிரில் மெஷின் வேண்டாம், அரமும் வேண்டாம். இரண்டும் தூளைத்தான் பறக்கவிடும். ஓர் ஆணியைச் சுத்தியலால் அடித்தால் ஈயத்தில் சுலபமாக இறங்கும். பிசிறு இருந்தால் கத்தியால் சீவி, சீவலைப் பொறுக்கி அடுத்த உருக்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே மிதக்கும் கசடு (உலோகமும் காற்றும் சேர்ந்து உண்டாகும் சாம்பல் நிறத் தூள்) இந்த வேலையிலேயே அதிக நச்சுள்ள பொருள். கரண்டியால் மெதுவாக ஒதுக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மண்ணில் கொட்டாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் கிணற்றோரத்திலும் போடாதீர்கள். டப்பா நிறைந்ததும் ஈயம் வாங்கும் கடையில் கொடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியே கொடுங்கள்.

முடிந்த பிறகு துடைப்பத்தைத் தொடாதீர்கள். பெருக்கினால் தூள் எழும்பும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கசடோடு போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் போகும் முன்பே சட்டை, பேன்ட், ஷூவைக் கழற்றுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், குழந்தைத் துணியோடு சேர்க்கவே கூடாது. முகம், கை, நகக்கண் கழுவி, தலைக்குக் குளித்த பிறகுதான் சாப்பாடு, பீடி, குழந்தையைத் தூக்குவது எல்லாம்.

பால் குடித்தால், வெல்லம் தின்றால் சரியாகிவிடுமா? ஆகாது. உள்ளே போன ஈயத்தை எந்தப் பண்டமும் வெளியே இழுக்காது. ஆனால் வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பும் அதிகம் உறிஞ்சும். சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்காருவது நல்லது. கீரை, கேழ்வரகு, மோர் எல்லாம் எப்போதும் நல்லதுதான், ஆனால் மாஸ்குக்கும் கைகழுவலுக்கும் அவை ஈடாகா.

சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மை, டூத்பேஸ்ட், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். தோலில் ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிளவுள்ள சின்ன ஈயமணியை நரம்பில் இறுக்கப் பலர் பல்லால் கடிக்கிறார்கள். வலை கட்டும்போது கை காலியாக இல்லை என்று ஈயமணிகளை வாயில் அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. உருக்கும்போது காட்டும் அத்தனை ஜாக்கிரதையும் இங்கே வீணாகிவிடுகிறது. ஒரு சின்ன குறடு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். தூண்டிலுக்கு உதவ வரும் பிள்ளைகளிடம் ஈயத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் வாயில் வைக்கிறார்கள். குண்டுகளை மூடி இறுகிய டப்பாவில், பிஸ்கட்டும் சாப்பாடும் வைக்கும் பையிலிருந்து தனியாக வையுங்கள்.

தண்ணீரில் தொலையும் குண்டால் யாருக்கு என்ன? நீர்ப்பறவைகள் இரை செரிக்கச் சின்னக் கற்களை விழுங்கும் வழக்கம் உள்ளவை. சின்ன ஈயமணியையும் கல் என்று விழுங்கிச் செத்துப்போகின்றன. பிரிட்டனில் அன்னப்பறவைகள் இப்படி இறந்ததால், 1987-இல் தூண்டிலுக்கான 28.35 கிராம்வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். வாத்து மேயும் குளத்திலும் ஏரியிலும் தூண்டில் போடுபவர்கள் சின்னக் குண்டுகளுக்காவது இரும்புக்கு மாறிவிடலாம்.

இதுவரை கவனமில்லாமல் பலமுறை உருக்கியிருந்தால் என்ன செய்வது? பயப்பட வேண்டாம், ஆனால் சோதித்துப் பாருங்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தத்தில் உள்ள ஈய அளவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அதற்குத்தான் முதலில். விரல் நுனியில் குத்தி எடுப்பதைவிட ரத்தக் குழாயிலிருந்து எடுப்பது நல்லது. விரலில் ஒட்டியிருக்கும் தூளே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். நூறு மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்) அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உருக்குவதை அன்றே நிறுத்துங்கள், வாணலி இருந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள், மருத்துவரிடம் சோதனைக் காகிதத்தைக் காட்டுங்கள். ஈயம் உள்ளே போவது நின்றால் ரத்தத்தில் உள்ள அளவு சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.